காரைக்குடி வெயில்ல பாக் கார்டன் கிட்: வாங்கலாமா, வேணாமா?

மொதல்லயே சொல்லிடுறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். பூச்சி புடிக்கிற செடிங்கள ஒரு ட்ரேல பாக் (bog), அதாவது பாசிச் சதுப்பு மாதிரி வச்சு வளக்குற இந்த கிட்ல வர்ற நாலு செடில ரெண்டு நம்ம ஊருக்கு அருமை, ஒண்ணு சுமார், ஒண்ணு சுத்தமா வேஸ்ட். கொடுமை என்னன்னா அந்த வேஸ்ட் செடியோட போட்டோவ தான் பாக்ஸ் மேல பெருசா போட்டு வித்துட்டு இருக்காங்க. கிட் மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா பனி கொட்டுற ஊரு காலண்டர அப்படியே தூக்கி காரைக்குடிக்கு அனுப்பி வச்சிருக்காங்க, அதை நம்புனீங்கன்னா சித்திரைக்குள்ள ட்ரேல ஒண்ணும் மிஞ்சாது.

வாங்குனது ஆன்லைன்ல செடி விக்கிற ஒரு நர்சரில, பேரு போட்டு சண்டை இழுக்க விருப்பம் இல்ல, இப்ப நாலஞ்சு பேரு இதே கிட்ட வேற வேற பேருல விக்கிறாங்க, உள்ள இருக்கிற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணு தான். விலை 1,850 ரூபா, கொரியர் தனி. ஒரு பிளாஸ்டிக் ட்ரே (நல்ல கனம், வெயில்ல வெடிக்கல, அதுக்கு தனியா ஒரு சபாஷ்), 'பீட் மாஸ்'னு எழுதுன ஒரு பை, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்லு) கொஞ்சம், காஞ்ச ஸ்பாக்னம் பாசி ஒரு கட்டி, அப்புறம் டிஷ்யூ கல்ச்சர்ல (லேப்ல திசுல இருந்து) வளத்த நாலு கன்னு, அதாவது வீனஸ் பிளைட்ராப் (வாய் மாதிரி மூடி பூச்சி புடிக்கிறது), சாரசீனியா (குழலுக்குள்ள விழ வைக்கிறது), டிரோசெரா பர்மானி (பிசின் இலைல ஒட்ட வைக்கிறது), யூட்ரிகுலாரியா லிவிடா (மண்ணுக்கு கீழ பை வச்சு உறிஞ்சுறது). கூடவே வழவழன்னு கலர்ல அச்சடிச்ச ஒரு புக்லெட். பேக்கிங்ல குறை இல்ல, ஒவ்வொரு கன்னையும் ஈரப் பாசில சுத்தி டப்பாக்குள்ள வச்சு ஆட்டம் இல்லாம தான் அனுப்பி இருந்தாங்க.

பாக்னா என்னன்னு தெரியாம வாங்குறவங்க நிறைய பேரு இருக்காங்க, ஏதோ நம்ம கண்மாய் ஓரத்து சேறுன்னு நெனச்சுக்கிறாங்க, அது இல்ல. கண்மாய்க்கு வரத்துக்கால் வழியா தண்ணி வரும், வர்ற வழில இருக்கிற வண்டல், சாணி, உரம் எல்லாத்தையும் அள்ளிட்டு வரும், அதனால அல்லி, கொட்டி, கோரை, நீர்முள்ளின்னு அது பாட்டுக்கு செழிக்கும். பாக்ல அந்த பேச்சே கிடையாது, வானத்துல இருந்து விழுற மழைத் தண்ணி மட்டும் தான், வேற வரத்தே இல்ல. அந்த தண்ணில உப்பும் இல்ல சத்தும் இல்ல. அதுல ஸ்பாக்னம்னு ஒரு பாசி வளருது, காஞ்ச எடைய விட 15, 20 மடங்கு தண்ணிய குடிச்சு வச்சுக்கும், இருக்கிற கொஞ்ச நஞ்ச தாது உப்பையும் இழுத்துக்கிட்டு பதிலுக்கு சுத்தி புளிப்பு ஏத்தி விட்டுடும், பிஹெச் (எறங்க எறங்க புளிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம்) 4 பக்கம் இறங்கிடும். புளிப்பும் ஏறி காத்தும் போகாம இருந்தா என்ன ஆகும், ஊறுகாய் ஜாடி கதை தான், எதுவும் அழுகாது. செத்த பாசி மேலயே புதுப் பாசி வளந்து வளந்து கீழ இருக்கிறது அமுங்கி பீட் ஆகுது, அதுவும் வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் கணக்குல தான். டென்மார்க்ல டோலுண்ட்னு ஒரு இடத்துல 1950ல பீட் வெட்டும் போது ஒரு ஆளோட உடம்பு கெடச்சுது, முகத்துல தாடி முள்ளு கூட தெரியுது, போலீசுக்கு சொல்லி விட்டாங்க, பாத்தா 2,000 வருஷத்துக்கும் மேல பழசு.

அப்பேர்ப்பட்ட இடத்துல வேர் வழியா ஒண்ணும் கிடைக்காதுங்கிறதால தான் இந்த செடிங்க பூச்சிய புடிச்சு தின்ன பழகி இருக்கு. இது மண்டைல ஏறுனாத்தான் இந்த கிட்டை வச்சு பொழப்பு நடத்த முடியும். அதாவது உரம் போடக் கூடாது, நல்ல மண்ணு போடக் கூடாது, நல்ல தண்ணி ஊத்தக் கூடாது. நம்ம வீட்டுல இத புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. அயித்தை அரிசி கழுவுன தண்ணிய பாசத்தோட கொண்டு வந்து நிப்பாங்க, "பாவம்டி, வெளிறிப் போயி கெடக்கு, ஒரு சொம்பு ஊத்துறேனே"ன்னு. ஒரு சொம்பு ஊத்துனா போதும், கதை முடிஞ்சுது. மண்புழு உரம், பஞ்சகவ்யா, டிஏபி எல்லாத்துக்கும் இதே தான்.

இப்ப புக்லெட்டுக்கு வர்றேன், என் பெரிய கோவமே அது மேல தான். மார்ச் மாசம்: பனி உருகுது, செடி முழிக்குது, சாரசீனியா பூ விடுது. ஜூன்: பருத்திப் புல் வெள்ளை வெள்ளையா பஞ்சு விடுது. செப்டம்பர், அக்டோபர்: கிரான்பெர்ரி பழுக்குது, ஸ்பாக்னம் சிவப்பாகுது. டிசம்பர்: பனிக்குள்ள தூக்கம். படம் எல்லாம் அழகு தான், பெரும்பாலும் உண்மையும் கூட, கனடா, ஸ்காட்லாந்து மாதிரி குளிர் ஊருல பாக் கிட்டத்தட்ட அப்படித்தான் வருஷம் சுத்தி வருது. சாரசீனியா பத்தி அதுல ஒரு விஷயம் நல்லா எழுதி இருந்தாங்க, வசந்தத்துல பூ தான் மொதல்ல வரும், பூச்சி புடிக்கிற குழல் எல்லாம் அதுக்கு அப்புறமா தான் நல்லா நிமுந்து வரும், அப்பத்தான் மகரந்தம் சுமக்க வர்ற தேனீய அதே செடி முழுங்காம இருக்கும். இத படிச்சுட்டு எனக்கே ஆசையா இருந்துச்சு. ஆனா பங்குனில "பனி உருகியதும் முழு வெயிலில் வைக்கவும்"னு போட்டா என்ன அர்த்தம்? இங்க பங்குனில முற்றத்துக் கல்லுல வெறுங்கால் வைக்க முடியாது. நம்மளுக்கு ஒரு பக்கமாவது தனியா எழுதி இருக்கலாம்ல, தமிழ்நாட்டுல விக்கிறீங்க, தமிழ்ல அச்சடிக்கிறீங்க, மாசத்த மட்டும் அங்க இருந்து எடுத்தா எப்படி.

அதனால என் அனுபவத்துல நம்ம ஊரு காலண்டர நானே எழுதிடுறேன். ஆர்டர் போட நல்ல நேரம் புரட்டாசி கடைசி, ஐப்பசி. மழை எறங்கி, கண்மாய்ல தண்ணி ஏறி, வேட்டங்குடி சரணாலயம் பக்கம் பறவைங்க வர ஆரம்பிக்கிற மாசம் இருக்குல்ல, அது தான் இந்த ட்ரேக்கும் சீசன். ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் வளரும், பூக்கும், வெதைக்கும். பங்குனில இருந்து ஆவணி வரைக்கும் காப்பாத்துற வேலை மட்டும் தான், அழகெல்லாம் எதிர்பாக்காதீங்க. ஏப்ரல், மே மாசம் ஆஃபர் போட்டா கூட வாங்காதீங்க, கொரியர் வண்டிலயே வெந்து போய் தான் வரும். எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா தேவகோட்டைல மே மாசம் வாங்கி, டப்பாவ திறந்தா கீரை மசியல்.

தண்ணி பத்தி கொஞ்சம் நீட்டி தான் சொல்லணும், ஏன்னா முக்கால்வாசி பேரு செடிய கொல்றது இதுல தான். இந்த செடிங்களுக்கு ஊத்துற தண்ணில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 50 பிபிஎம்க்குள்ள இருக்கணும். எங்க வீட்டு போர் தண்ணில டிடிஎஸ் மீட்டர வச்சா நாலு இலக்கத்துல நிக்குது. காரைக்குடில சம்பை ஊத்து தண்ணிக்கு இருக்கிற பேரு உங்களுக்கே தெரியும், குடிக்க அப்படி ருசியா இருக்கும், ஆனா நாக்குக்கு ருசி வேற, பாக் செடிக்கு வேண்டியது வேற, தாது உப்பு கரைஞ்ச எந்த தண்ணியா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா பீட்ல சேந்துக்கிட்டே போய் வேர கருக்கிடும். ஆர்ஓ தண்ணி பரவாயில்ல, ஆனா இப்ப வர்ற மெஷின்ல நிறைய மாடல் சுத்தம் பண்ணிட்டு கடைசில ருசிக்காக மினரல திருப்பி சேக்குது, அதனால மெஷின நம்பாம மீட்டர் வச்சு பாத்துக்குங்க, மீட்டர் 200 ரூபாக்குள்ள கிடைக்குது, இந்த கிட்ல அது இல்லாதது ஒரு பெரிய குறை. ஏசில இருந்து சொட்டுற தண்ணியும் ஓகே தான், உப்பு இருக்காது.

எல்லாத்துக்கும் மேல மழைத் தண்ணி. இந்த விஷயத்துல செட்டிநாட்டு வீடு மாதிரி ஒரு வசதி வேற எங்கயும் கிடையாது. நாலு பக்கமும் ஓடு சரிஞ்சு முற்றத்துக்குள்ள தான் கொட்டும், எங்க வீட்டுல கூடல் வாய்க்கு (ரெண்டு பக்க ஓடும் சேர்ற மூலை) நேரா பழைய அண்டா ரெண்ட வச்சுட்டா ஒரு நல்ல மழைக்கே ரொம்பிடும். அப்பத்தா காலத்துல குடிக்கவே அப்படித்தான் புடிச்சு வச்சாங்களாம். ஆனா மொத மழைய புடிக்காதீங்க, ஓட்டு மேல ஆறு மாசத்து தூசி, புறா எச்சம் எல்லாம் அதுல தான் எறங்கும், ரெண்டு மூணு மழை ஓட விட்டுட்டு அப்புறம் புடிங்க. நான் அப்படி புடிச்ச தண்ணில மீட்டர் 12, 15ன்னு தான் காட்டுச்சு. இன்னொண்ணு, சிமெண்ட் தொட்டில சேத்து வைக்காதீங்க, சுண்ணாம்பு எறங்கி புளிப்ப கெடுத்துடும், பிளாஸ்டிக் டிரம்ல மூடி போட்டு வைங்க. செம்பு அண்டாலயும் ரொம்ப நாள் வைக்க வேணாம், புடிச்ச கையோட டிரம்முக்கு மாத்திடுங்க. கார்த்திகைல சேத்தது எனக்கு பங்குனி வரைக்கும் வந்துச்சு, அதுக்கு அப்புறம் ஏசி தண்ணி.

அடுத்து அந்த 'பீட் மாஸ்' பை. பிரிச்ச உடனே சந்தேகம் தான், ஊற வச்சு கையில எடுத்தா பொடியா, கரும்பழுப்பா, வெண்ண கணக்கா அமுங்கணும், இதுல நார் நாரா தென்னை மஞ்சி கையில ஒட்டுது. மழைத் தண்ணில ஒரு கப்பு ஊற வச்சு பிழிஞ்சு மீட்டர போட்டா 400க்கு மேல. பீட்னா அப்படி ஏறாது. பாதிக்கு பாதி கோகோபீட் கலந்துருக்காங்க, இதுல ரகசியமே இல்ல, நம்ம தென்னை நார்க்கழிவு தான், தக்காளி நாத்துக்கு அது தங்கம், ஆனா அதுல பொட்டாசியமும் சோடியமும் கெடக்கும், பூச்சி புடிக்கிற செடி வேருக்கு ஆகாது. கஸ்டமர் கேர்ல கேட்டதுக்கு "மேடம் இது எங்க பிரீமியம் பிளெண்ட், எக்ஸ்ட்ரா ஏரேஷனுக்காக சேக்குறோம்"னு பதில். சரிங்க, அப்ப பை மேல பிளெண்ட்னு எழுதுங்க. நான் என்ன பண்ணேன்னா பழைய வேட்டித் துணில கட்டி மழைத் தண்ணில முக்கி முக்கி பிழிஞ்சு, மீட்டர் 50க்கு கீழ எறங்குற வரைக்கும் அலசி, அப்புறமா தான் ட்ரேல போட்டேன். அண்டா அண்டாவா தண்ணி போச்சு. வாங்குறவங்க இத பண்ணாம செடிய வச்சுடாதீங்க, வச்சா ரெண்டு மாசத்துல "செடி வீக்கா இருந்துச்சு போல"ன்னு நெனச்சுப்பீங்க, தப்பு செடி மேல இருக்காது.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், சுத்தமான பீட்ட அள்ளி அள்ளி விக்கிறதும் நல்லதுக்கு இல்ல. உலகத்துல நிலத்துல 3 சதவீதம் தான் பீட் நிலம், ஆனா காட்டு மரம் எல்லாம் சேந்து வச்சிருக்கிறத விட அதிகமா கார்பன அது புடிச்சு வச்சிருக்கு. வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் வளர்றத நாம ஒரு சீசனுக்கு தூக்கிப் போட்டா எப்படி கட்டுப்படியாகும். அதனால நல்லா அலசி உப்பு எடுத்த கோகோபீட்ட கொஞ்சம் கலந்தோம்னு நேரா சொல்லி வித்தா நானே பாராட்டி எழுதி இருப்பேன்.

சரி, செடிங்க. டிரோசெரா பர்மானி, இதுக்காக மட்டுமே இந்த கிட்ட வாங்கலாம். அஞ்சு ரூபா காசு அளவு தான் மொத்த செடியும், தரையோட தரையா ரோஜாப்பூ அடுக்குல இலை, ஒவ்வொரு இலையும் ஒரு குட்டிக் கரண்டி, ஓரம் பூரா முடி, முடி நுனில பிசின் சொட்டு. காலைல எட்டு மணி வெயில் சாய்வா முற்றத்துல விழும் போது பாத்தீங்கன்னா நகர மனசு வராது. வெயில் நல்லா பட்டா ரத்தச் செவப்பாகும், நிழல்ல வச்சா பச்சையாவே சோம்பி கெடக்கும். ஒரு நாள் வாழைப்பழத்துல மொய்க்கிற சின்ன ஈ ஒண்ணு அதுல வந்து உக்காந்துச்சு, கால தூக்குது, பிசின் நூலா இழுபடுது, அடுத்த காலயும் வச்சு மாட்டிக்கிச்சு, நான் பாத்துட்டு இருக்கும் போதே ஓரத்துல இருக்கிற நீட்டு முடி ரெண்டு மூணு படக்குன்னு உள்பக்கமா வளைஞ்சு ஈய நடுவுக்கு தள்ளிடுச்சு, சில வினாடி தான், இந்த ரகம் அந்த வேகத்துக்கு பேரு போனது. மறுநாள் பாத்தா இலையே லேசா குழிஞ்சு மூடி இருக்கு. அடுத்த வாரம் கருப்பா தோல் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அண்ணன் மகன் ஸ்கூல் விட்டு வந்து பையக் கூட எறக்காம அதுகிட்ட தான் போய் நிப்பான்.

தை மாசம் நடுவுல இருந்து ஒல்லியா ஒரு காம்பு எழும்புச்சு, வெள்ளைப் பூ, காலைல திறந்து வெயில் ஏறுனதும் மூடிக்கும், தானே மகரந்தம் சேத்துக்கும், நாம ஒண்ணும் பண்ண வேணாம். வெதை கருப்பா பொடிப் பொடியா, மூக்குப்பொடி டப்பாவ தட்டுன அளவு தான் இருக்கும். அப்புறம் பங்குனி வெயில்ல தாய்ச்செடி கருகிடுச்சு. இத பாத்து செத்துப் போச்சேன்னு ட்ரேய தூக்கி வீசிடாதீங்க, இந்த செடியோட கணக்கே அது தான், மழைக்கு மொளச்சு மழை முடிஞ்சதும் வெதையா மண்ணுல ஒளிஞ்சுக்கும். புக்லெட்ல இதை பத்தி ஒரு வரி இல்ல, "குளிர்கால உறக்கம்"னு தான் நாலு செடிக்கும் சேத்து போட்டுருக்காங்க, பர்மானிக்கு ஏதுங்க குளிர்கால உறக்கம், அது வெப்ப ஊருச் செடி. நான் வெதைய காகிதத்துல மடிச்சு வச்சு ஆவணி மழைல ஈரப் பீட் மேல தூவுனேன், மேல மண்ணு மூடாம, கடுகு கூட பெருசுங்கிற அளவுல பச்சைப் புள்ளி புள்ளியா வந்துச்சு, இப்ப ட்ரே பூரா அது தான்.

இது ஏதோ வெளிநாட்டு சரக்குன்னு நெனைக்காதீங்க. பர்மானியும், அதோட சொந்தக்காரன் டிரோசெரா இண்டிகாவும் நம்ம தமிழ்நாட்டுலயே மழைக்காலத்துல ஈரம் ஊறுன செம்மண், சரளை மண்ணுல தானா வர்றது தான், சித்த வைத்தியத்துல அழுகண்ணின்னு சொல்றாங்க. ஊட்டி, கொடைக்கானல் மேல போனா இன்னொரு ரகம் இருக்கு, டிரோசெரா பெல்டேட்டா, மழைக்கு புல்லுக்கு நடுவுல நிமுந்து நிக்கும், காஞ்ச காலம் வந்ததும் மேல இருக்கிறது எல்லாம் காஞ்சு கீழ மண்ணுக்குள்ள குட்டிக் கிழங்கா பதுங்கிக்கும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். ஆக நம்ம மண்ணுச் செடிங்களுக்கு தூங்குற சீசன் கோடை. அந்த ஊரு செடிங்களுக்கு பனி. ஒரே ட்ரேல ரெண்டையும் போட்டு ஒரே புக்லெட்ட குடுத்தா ஏதோ ஒண்ணு சாகத்தான் செய்யும். அதுக்காக வயக்காட்டுல, மலைல கண்டா தோண்டிட்டு வராதீங்க, வெதைல இருந்தே சுளுவா வரும் போது அது எதுக்கு.

யூட்ரிகுலாரியா லிவிடா, இது அமைதியான புள்ளை. மேல பாத்தா புல்லு முளைச்ச பீட், அவ்வளவு தான், அப்பத்தா பாத்துட்டு "ஏத்தா, களைய காசு குடுத்தா வாங்குனே?"ன்னு கேட்டாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. வித்தை எல்லாம் மண்ணுக்கு கீழ, வேருக்கு பதிலா நூலு நூலா ஓடும், அதுல கண்ணுக்கு தெரியாத சின்னச் சின்ன பை, ஏதாவது தண்ணிப் புழு வாசல் முடிய தொட்டா ஒரு மில்லி செகண்டுக்குள்ள உள்ள உறிஞ்சிடும், பூச்சி புடிக்கிற செடிங்கள்ல ரொம்ப வேகமான வேலைல அது ஒண்ணு. நமக்கு தெரியறது மார்கழில வர்ற பூ மட்டும், வெளிர் ஊதா, மூக்குத்தி அளவு, கொத்தா இருபது முப்பது சேந்து ஆடும் போது அப்பத்தாவே கோலம் போட்டுட்டு வந்து பாத்துட்டு போவாங்க. கோடைல மேல காஞ்ச மாதிரி ஆனாலும் பீட் ஈரமா இருந்தா திரும்ப வந்துடுது. இதோட பெரியண்ணன் யூட்ரிகுலாரியா ஆரியான்னு ஒண்ணு இருக்கு, நம்ம குளம், வயல் தண்ணிலயே மெதக்கும், மஞ்சப் பூ தண்ணிக்கு மேல தலைய நீட்டிட்டு நிக்கும், பாசின்னு நெனச்சு எத்தன தடவ கால்ல தள்ளி விட்டுருப்போம்.

சாரசீனியா சுமார். வெயில் அதுக்கு பிரச்சனை இல்ல, அமெரிக்காவுல தெற்குப் பக்கம் நல்லா வேகுற ஊர்லயும் இருக்கு, வடக்க கனடா வரைக்கும் போகுது, நியூஃபவுண்ட்லாந்துக்காரங்க அத மாகாணப் பூவாவே வச்சிருக்காங்க. இங்க மொத வருஷம் குழல் ஆறேழு வந்துச்சு, எறும்பு சாரை சாரையா தேன் தேடி ஏறி உள்ள விழுந்துட்டு இருந்துச்சு, கிழிச்சு பாத்தா அடில பாதி ஒசரத்துக்கு எறும்புக் கூடு தான். ஆனா குளிர் கிடைக்காம ரெண்டாவது வருஷம் குழல் ஒல்லியாகி, பூவே வரல. புக்லெட்ல ஆசை காட்டுன அந்த பூ எனக்கு கிடைக்கவே இல்ல.

வீனஸ் பிளைட்ராப், பாக்ஸ் மேல வாயத் திறந்துட்டு இருக்கிற ஹீரோ. இது இயற்கையா இருக்கிறது உலகத்துலயே வட கரோலினா, தென் கரோலினா ரெண்டு மாகாணத்துல தான். 20 வினாடிக்குள்ள உள்ள இருக்கிற முடிய ரெண்டு தடவ தொட்டா தான் மூடும், வீடியோல எல்லாரும் பாத்துட்டோம், விடுங்க. பிரச்சனை, அதுக்கு வருஷத்துல மூணு மாசமாவது நல்ல குளிரும் குட்டைப் பகலும் வேணும். அது பொறந்த ஊர்ல கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம், காரைக்குடில ஒரு மணி நேரம் சொச்சம். மார்கழி விடியக்காலைல நமக்கு குளுருதுன்னு சால்வைய போத்துறோம், மீட்டர்ல 20 டிகிரி பக்கம் தான் இருக்கும், அந்த செடிக்கு அது கோடை. அதனால அது தூங்கவே தூங்காது, ஓடிக்கிட்டே இருந்து ஒரு நாள் உக்காந்துடும்.

ஃப்ரிட்ஜ் வைத்தியம்னு ஒண்ணு சொல்லுவாங்க, செடிய எடுத்து கழுவி, ஈர ஸ்பாக்னத்துல சுத்தி, ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல மூணு மாசம். பண்ணி பாத்தேன். இட்லி மாவுக்கும் மல்லித்தழைக்கும் நடுவுல அத வச்சதுக்கு அம்மா பேசுனது இங்க எழுத முடியாது. மாசில எடுத்து நட்டப்போ குட்டியா நாலு வாய் வந்துச்சு, சந்தோஷம் தான், அக்னி நட்சத்திரம் தாண்டல. பெங்களூர், ஊட்டில இருக்கிறவங்க தாராளமா வாங்குங்க. காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரைக்காரங்க அந்த காச மிச்சம் புடிங்க. வாங்குறதா இருந்தாலும் டிஷ்யூ கல்ச்சர் செடியான்னு கேட்டு வாங்குங்க, காட்டுல இருந்து திருடி விக்கிறது அங்க அவ்வளவு நடந்து, 2014ல இருந்து வட கரோலினால அது பெரிய கிரிமினல் குத்தம்.

விளம்பரத்துல "கொசுத் தொல்லைக்கு இயற்கைத் தீர்வு"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்கு மட்டும் ஒரு ஸ்டார் குறைக்கிறேன். செடி புடிக்கிறது பழ ஈ, எறும்பு, எப்பவாவது ஒரு கொசு. ஆனா ட்ரேல எப்பவும் ரெண்டு இன்ச் தண்ணி நிக்கணும்னு அவங்களே சொல்றாங்க, கார்த்திகைல அதுல நெளியுது கூட்டம் கூட்டமா. டெங்கு செக் பண்ண மாநகராட்சில இருந்து வந்தவங்க டார்ச் அடிச்சு பாத்துட்டு கொட்டச் சொல்லிட்டாங்க, அவங்க சொன்னதும் சரி தான். அப்புறமா ட்ரேல கூழாங்கல்ல ரொப்பி தண்ணிய கல்லுக்கு கீழயே நிக்கிற அளவு மட்டும் ஊத்தி, மேல நைலான் வலைய ஓரத்துல சொருகிட்டேன், நாலு நாளைக்கு ஒரு தடவ தண்ணிய சாச்சு மாத்துறேன். கிட்லயே ஒரு துண்டு வலை வச்சா அஞ்சு ரூபா கூட ஆகாது.

எடம் பத்தி ஒண்ணு. வளவுல முன் முற்றம் அழகா இருக்கும்னு வைக்காதீங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல நேர் வெயில் விழாது. ரெண்டாங்கட்டுல (பின்னாடி இருக்கிற ரெண்டாவது முற்றம்), இல்ல மொட்டை மாடில வைங்க, மாசி கடைசில இருந்து 50 சதவீத பச்சை வலை கட்டுங்க. ஸ்பாக்னத்த மைனா கூடு கட்ட கொத்திட்டு போகும், எங்க தெருவுல மயில் வேற வரும், அதுக்கும் சேத்து தான் அந்த வலை.

மொத்தத்துல 5க்கு 3 குடுக்குறேன், அதுலயும் ஒண்ணு முழுக்க பர்மானிக்கு. ஆனா இப்ப விவரம் தெரிஞ்சு போச்சுல்ல, கிட்டா வாங்கணும்னு அவசியமே இல்ல. அதே நர்சரில பர்மானி தனியா 200 ரூபா, லிவிடா 250 ரூபா, ட்ரேக்கு பதிலா பழைய டப், பெர்லைட் நம்ம ஊரு நர்சரிலயே கிடைக்கும், பீட் மட்டும் பாத்து வாங்குங்க. மெயில்ல இப்ப ரீஃபில் பேக்குன்னு ஒண்ணு அனுப்பி விக்க ஆரம்பிச்சுருக்காங்க, 450 ரூபா, அது வேணவே வேணாம், அதே நார் தான்.